டான்சில் ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் வலி ஏன் கூடுகிறது, பிள்ளைக்கு என்ன மருந்து, எவ்வளவு?

நான்கு வயது மகனுக்கு டான்சிலும் அடினாய்டும் (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) எடுத்து இன்றோடு நான்கு நாள். முதல் இரண்டு நாள் இட்லியும் தயிர்சாதமும் சாப்பிட்டு விளையாடியவன், நேற்று மாலையிலிருந்து தண்ணீர் டம்ளரைக் கண்டாலே வாயை மூடிக்கொள்கிறான், காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். ஆபரேஷனில் ஏதாவது தப்பாகிவிட்டதா, வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் சிரப்பை எவ்வளவுதான் கொடுப்பது, அதைவிட வலுவான மருந்து கேட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடை 14 கிலோ, டிஸ்சார்ஜ் சீட்டில் 'வலி இருந்தால் 5 மி.லி., எஸ்ஓஎஸ்' (தேவைப்பட்டால் மட்டும்) என்றுதான் இருக்கிறது, லிவர் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவதால் நேற்று முழுக்க ஒரே ஒரு வேளைதான் கொடுத்தோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். டான்சில் எடுக்க வரும் பிள்ளைகளைத் தூங்கவைத்து, எழுப்பி, வலி அடக்கி வீட்டுக்கு அனுப்புவது பல வருடங்களாக என் அன்றாட வேலை. உங்கள் பையனை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் அறுவை மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

மற்றதைப் படிப்பதற்கு முன் பையனை ஒருமுறை பாருங்கள். எச்சிலில் சிவப்பாகப் புது ரத்தம் வருகிறதா? தூக்கத்தில்கூட எதையோ அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருக்கிறானா? ரத்தமாகவோ காப்பித்தூள் கலந்த மாதிரியோ வாந்தி எடுத்தானா? இதில் எது இருந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். அது தூரம் என்றால் ராத்திரியிலும் டாக்டர் இருக்கிற பக்கத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நேராக உட்காரவைத்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வழியில் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம். இந்தத் தாமதமான ரத்தக்கசிவு நூறு குழந்தைகளில் ஒரு சிலருக்கு வரும். பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் வரும். சின்னப் பிள்ளைகளுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் வெளியே தெரிவது கொஞ்சமாக இருந்தாலும் காத்திருந்து பார்க்கக் கூடாது.

அதெல்லாம் இல்லை என்றால், நீங்கள் சொல்கிற மாற்றம் நாங்கள் எதிர்பார்ப்பதுதான். டான்சில் எடுத்த இடத்தில் தையல் போடுவதில்லை. இரண்டு பக்கமும் திறந்த புண்ணாகவே விட்டுவிடுகிறோம், அது தானாக ஆற வேண்டும். முழங்காலில் சிராய்ப்பு பட்டால் பக்கு கட்டுமே, அதேதான் தொண்டையிலும் நடக்கிறது. ஈரத்திலேயே இருப்பதால் அது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சீழ் வைத்துவிட்டது" என்று பதறி வருகிற பெற்றோர் நிறைய. அது சீழ் இல்லை. அப்போது வாயும் நாறும், அதுவும் போகப்போகச் சரியாகிவிடும். புண்ணைச் சுற்றி வீக்கம் ஏறுவதும் இந்தப் படலம் உரிய ஆரம்பிப்பதும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை நடக்கும். வலி உச்சத்துக்குப் போவதும் அந்த நாட்களில்தான். முதல் இரண்டு நாள் அவன் நன்றாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஆபரேஷன் நேரத்தில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை ஒரே ஒரு தடவை கொடுப்பது வழக்கம். வாந்தியையும் வலியையும் குறைக்க அது நன்றாக உதவும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஓரிரு நாளில் அதன் வேலை முடிந்துவிடும். பெற்றோர் "அப்பாடா, தேறிவிட்டான்" என்று மருந்தை நிறுத்துவதும் அதே சமயத்தில்தான். இரண்டும் சேர்ந்து நான்காம் நாள் பிள்ளை துவண்டுவிடுகிறது.

காது வலிக்குக் காரணம் காதில் இல்லை. டான்சில் இருந்த இடத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் ஒன்பதாவது மூளை நரம்பின் ஒரு கிளை நடுக்காதுக்கும் போகிறது. தொண்டைப் புண்ணின் வலியை மூளை காது வலியாக எடுத்துக்கொள்கிறது. காதில் சொட்டு மருந்து, சூடான எண்ணெய் எதுவும் விட வேண்டாம். தொண்டை வலிக்குக் கொடுக்கும் மருந்தே இதற்கும் போதும்.

இப்போது பாராசிட்டமால். உங்கள் சீட்டில் இருக்கும் '5 மி.லி.' என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மருந்துக் கடையில் இந்த சிரப் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், மற்றொன்றில் அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம். பெட்டியும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் இன்னும் அடர்த்தி, பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். அதனால் மில்லியை விட்டுவிட்டு மில்லிகிராமைக் கணக்குப் போடுங்கள். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. 14 கிலோவுக்கு 210 மில்லிகிராம் வருகிறது. 120 சிரப் என்றால் சுமார் எட்டரை மில்லி, 250 சிரப் என்றால் சுமார் 4 மில்லி. உங்கள் வீட்டில் இருப்பது 120 என்றால், அந்த 5 மில்லியில் அவனுக்குத் தேவையானதில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் போயிருக்கிறது. அதுவும் நாளுக்கு ஒரு வேளை. மருந்து கேட்கவில்லை என்று நீங்கள் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை, இன்னும் சரியாகக் கொடுக்கவே ஆரம்பிக்கவில்லை. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. எட்டரை மில்லி கொடுத்துப் பழகிய கை, பாட்டில் தீர்ந்ததும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த 250 சிரப்பிலும் அதே எட்டரையைக் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளில் அந்த எண்ணைப் பாருங்கள். அளக்க டீஸ்பூன் வேண்டாம், ஊசி இல்லாத சிரிஞ்ச் போதும்.

லிவர் பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் சொல்வது முழுக்கத் தவறு இல்லை. பாராசிட்டமால் அளவு மீறினால் லிவரைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால் குழந்தைகளில் அது நடப்பது பெரும்பாலும் சிரப்பின் அடர்த்தி மாறிப்போகும்போது, இரண்டு மணி மூன்று மணிக்கொரு முறை கொடுக்கும்போது, அல்லது ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகும்போது. சளி சிரப்கள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்தே இருக்கிறது, வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. ஐபுபுரோஃபென் என்ற இன்னொரு வலி மருந்தும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு சிரப்பும் அப்படித்தான், அதோடு தனி பாராசிட்டமாலையும் கொடுத்தால் அளவு ஏறிவிடும். லிவர் கோளாறு எதுவும் இல்லாத பிள்ளைக்கு, எடைக்குச் சரியான அளவில், நாளுக்கு நான்கு வேளை, ஒரு வாரம் கொடுப்பதால் லிவர் கெடாது என்று நிம்மதியாகச் சொல்வேன். ஒரு எச்சரிக்கை மட்டும். நாள் கணக்கில் எதுவும் சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு எல்லை சுருங்கும். அதனால் நான்கு வேளையைத் தாண்டவே கூடாது, அவன் குடிக்கவே மாட்டேன் என்றால் அளவைக் கூட்டாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எப்போது கொடுப்பது? காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, நள்ளிரவு என்று கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள் என்பது என் ஆலோசனை. நேர்மையாகச் சொன்னால், கடிகாரப்படி கொடுப்பது வலி வரும்போது கொடுப்பதைவிடத் தெளிவாக மேல் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. ஆனாலும் நான் அதையே சொல்வதற்குக் காரணம் அனுபவம். 'தேவைப்பட்டால்' என்று விட்டால், தேவை என்று ஒத்துக்கொள்வதற்குள் பிள்ளை அழுது, வாய் காய்ந்து, மருந்தையே துப்பும் நிலைக்கு வந்துவிடுகிறது. ராத்திரி வேளையைத் தவறவிட்டால் விடிகாலை ரொம்ப மோசமாக இருக்கும். வாயைத் திறந்து தூங்கியதில் தொண்டை வறண்டிருக்கும், மருந்தும் தீர்ந்திருக்கும். இந்த மூன்று நான்கு நாளைக்கு மட்டும் நள்ளிரவில் லேசாக எழுப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு வாய் தண்ணீரும் கொடுங்கள். அப்படியே அவன் மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்ததாகவும் இருக்கும்.

வாய் திறக்காத பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்பது பெற்றோருக்குப் பெரிய பாடு. மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குப் போகும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உள்பக்கம், பல்வரிசைக்கு வெளியே வைத்து, ஒரு மில்லி விட்டு அவன் விழுங்கும் வரை காத்திருங்கள், பிறகு அடுத்த மில்லி. தொண்டையைக் குறிவைத்துப் பீய்ச்சாதீர்கள். கொடுப்பதற்கு முன் குளிர்ந்த தண்ணீரோ குச்சி ஐஸோ கொஞ்சம் சப்பக் கொடுத்தால் தொண்டை மரத்து, விழுங்குவது எளிதாகும். கொடுத்த அரை மணிக்குள் முழுசாக வாந்தி எடுத்துவிட்டால் அந்த வேளையை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு எடுத்தால் அடுத்த வேளை வரை பொறுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் இருக்கிறது, 80, 170, 250 மில்லிகிராமில் கிடைக்கிறது. சிரப்புக்குப் பதிலாகத்தான் அது, கூடுதலாக இல்லை. எது வைப்பது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பாராசிட்டமால் மட்டும் பலருக்குப் போதாது, ஐபுபுரோஃபென் சேர்க்க வேண்டியிருக்கும். சந்தேகமான விஷயம் ஒன்று இங்கேதான் இருக்கிறது. ஐபுபுரோஃபென் ரத்தம் உறைவதைக் கொஞ்சம் தளர்த்தும். அதனால் புண்ணில் ரத்தக்கசிவு கூடுமா என்று ரொம்ப நாளாக வாதம் நடக்கிறது. பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூடுவதாகத் தெரியவில்லை என்றார்கள். 2019-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், திரும்ப ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் அளவுக்கு ரத்தக்கசிவு ஐபுபுரோஃபென் எடுத்தவர்களில் 2.9 சதவீதம், பாராசிட்டமால் எடுத்தவர்களில் 1.2 சதவீதம். ஐபுபுரோஃபென்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் அது பாதுகாப்பில் பாராசிட்டமாலுக்குக் குறைந்ததல்ல என்றும் காட்ட முடியவில்லை. அதே வருடம் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி, இரண்டில் ஒன்றையோ இரண்டையும் சேர்த்தோ கொடுக்கலாம் என்றுதான் சொன்னது. நான் எடுக்கும் முடிவு இது: ரத்தக்கசிவு நோய் இல்லாத, ஆஸ்துமா இல்லாத, சிறுநீர் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்குப் பாராசிட்டமால் மட்டும் போதவில்லை என்றால் சேர்க்கச் சொல்வேன். வலியில் தண்ணீரே குடிக்காமல் கிடப்பதும் ஆபத்துதான். அளவு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம், எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சிரப்பில் உங்கள் பையனுக்கு மூன்றரை முதல் 7 மில்லி. ஆனால் இதை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். ஆபரேஷனில் ரத்தம் எப்படி இருந்தது என்பது அறுவை செய்தவருக்குத்தான் தெரியும், அவர் சரி என்றால் கொடுங்கள். தண்ணீர் குடிக்காமல் உலர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது கிட்னியைப் பாதிக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

வலுவான மருந்து கேட்கலாமா என்பதற்கு என் பதில் உறுதியாக வேண்டாம் என்பதே. கோடீன், டிரமடால் இரண்டும் இந்த வயதில் கூடவே கூடாது. கோடீனைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றித்தான் உடம்பு பயன்படுத்துகிறது. சில பிள்ளைகளின் உடலில் இந்த மாற்றம் மிக வேகமாக நடக்கும், சாதாரண அளவு கொடுத்தாலே மூச்சு நின்றுபோகலாம். யாருக்கு அப்படி நடக்கும் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. டான்சில் பெரிதாகி, குறட்டைவிட்டு, தூக்கத்தில் மூச்சுத் திணறிவந்த பிள்ளைகள் இந்த வகை மருந்துக்கு மற்றவர்களைவிட அதிகம் மயங்கிப்போவார்கள். டான்சில் ஆபரேஷனுக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-இல் இந்த ஆபரேஷனுக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று எச்சரித்தது, 2017-இல் 12 வயதுக்குக் கீழ் கோடீனும் டிரமடாலும் கூடாது என்று விரிவாக்கியது. நம் ஊரில் கோடீன் இருமல் சிரப் வழியாக வீட்டுக்குள் வந்துவிடலாம். இருமுகிறான் என்று பழைய பாட்டில் எதையும் எடுக்காதீர்கள். நிமிசுலைடு என்ற வலி, காய்ச்சல் மருந்தை 12 வயதுக்குக் கீழ் கொடுக்க இந்தியாவில் 2011-இலேயே தடை வந்துவிட்டது. ஆஸ்பிரின் கூடாது. காய்ச்சலுக்கென்று பல வீடுகளில் இருக்கும் மெஃபனமிக் ஆசிட் சிரப் ஐபுபுரோஃபெனின் குடும்பம்தான், இரண்டையும் சேர்க்கக் கூடாது.

மருந்துக்கு அடுத்தது தண்ணீர். தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் குடிக்க மாட்டான், இன்னும் காயும். மருந்து கொடுத்து முக்கால் மணி கழித்து, அது வேலை செய்யும் நேரமாகப் பார்த்துக் குடிக்கவும் சாப்பிடவும் கொடுங்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு இரண்டு வாய் போதும். இளநீர், மோர், ஆறிய கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, குழைந்த தயிர்சாதம் எல்லாம் சரி. ஐஸ்கிரீம் கொடுத்தால் சளி பிடிக்கும், புண் ஆறாது என்று பாட்டிமார் தடுப்பார்கள். குளிர்ச்சி புண்ணைக் கெடுக்காது, கொஞ்ச நேரத்துக்கு வலியைக் குறைக்கும். அவன் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். ஆரஞ்சு, எலுமிச்சை, புளி, மிளகு எரிச்சல் தரும், ரசம் இந்த வாரம் வேண்டாம். ரோஸ்மில்க், மாதுளைச் சாறு போன்ற சிவப்பு பானங்களையும் தவிர்க்கச் சொல்வேன், வாந்தி எடுத்தால் ரத்தமா சாறா என்று உங்களுக்கே குழப்பம் வரும். முறுக்கும் சிப்ஸும் கூடாதா என்றால், மென்மையாகத்தான் சாப்பிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டால் புண் சீக்கிரம் ஆறியதாக ஆய்வுகள் காட்டவில்லை, விழுங்க முடிந்ததைச் சாப்பிடட்டும். அவனுக்கு இப்போது எதுவும் இறங்காது என்பதால் நான் கஞ்சியைச் சொல்கிறேன். தேன் வலியைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, பலமான ஆதாரம் இல்லை. ஒரு வயது தாண்டியவன் என்பதால் ஒரு ஸ்பூன் நக்கக் கொடுப்பதில் கெடுதல் இல்லை, மருந்துக்குப் பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆவி பிடிப்பது வேண்டாம், சின்னப் பிள்ளைகள் வெந்நீரைக் கவிழ்த்துக்கொண்டு சுட்டுக்கொள்வார்கள். ஆன்டிபயாடிக் இந்த வலியைக் குறைக்காது, சீட்டில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள்.

அவன் "வலிக்கிறது" என்று சொல்லுவான் என்று காத்திருக்காதீர்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு, வலிக்கிறது என்றால் ஊசி போடுவார்கள் என்று தெரியும். அழாமல் சுருண்டு படுத்திருப்பது, எச்சிலைக்கூட விழுங்காமல் வாயோரம் வழியவிடுவது, பிடித்த பொம்மையைத் தொடாமல் இருப்பது, அம்மாவை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்வது எல்லாம் வலிதான். பிள்ளைக்கு வலிக்கிறது என்று பெற்றோர் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள், ஆனாலும் மருந்தைக் குறைவாகவே கொடுக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. நீங்கள் மட்டும் அப்படி இல்லை, இதற்காக மனம் நோக வேண்டாம்.

இன்னும் நான்கைந்து நாளில் வலி இறங்க ஆரம்பிக்கும், முழுதாகப் போக பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். லேசான காய்ச்சல் இருக்கலாம். 101.5 டிகிரிக்கு மேல் போய் மருந்துக்கும் அடங்காவிட்டால் காட்டுங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, மூச்சுவிடச் சிரமப்படுகிறான் என்றால் விடியும் வரை காத்திருக்காமல் கொண்டுபோங்கள். டிரிப்ஸ் ஏற்றி வலி மருந்தும் ஊசியாகப் போட்டால் பல பிள்ளைகள் ஒரே நாளில் தெளிந்துவிடுவார்கள். அடினாய்டும் எடுத்திருப்பதால் இன்னொன்று: கழுத்து லேசாகப் பிடித்துக்கொள்வது சகஜம், ஆனால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருந்து, திருப்பினால் வீறிட்டு அழுதால் அது அபூர்வமான கழுத்தெலும்புச் சிக்கலாக இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும்.

இன்று இரவு பாட்டிலின் லேபிளைப் பார்த்து, கடைசியாகக் கொடுத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தால் சரியான அளவில் ஒரு வேளை கொடுத்துவிடுங்கள். ஒரு தாளில் நேரமும் அளவும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். வீட்டில் யார் கொடுத்தாலும் அதில் டிக் போடட்டும், இரண்டு பேர் ஒரே வேளையைக் கொடுத்துவிடாமல் இருக்கும். காலையில் அறுவை மருத்துவருக்குப் போன் செய்து எடை 14 கிலோ, நான்காம் நாள், குடிப்பது இவ்வளவு, சிறுநீர் இத்தனை முறை என்று சொல்லி, ஐபுபுரோஃபென் சேர்க்கலாமா என்று கேளுங்கள். டான்சிலை முழுவதுமாக எடுத்தார்களா, உறையை விட்டுவிட்டு உள்சதையை மட்டும் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். முழுவதும் எடுத்தால் வலி அதிக நாள் நீடிக்கும். மருந்தை எத்தனை நாள் தொடர வேண்டும் என்று அதை வைத்து அவர் சொல்லுவார்.